மரைக்காயரின் சஹன்

சிதம்பரத்துக் கல்யாணத்துக்குக் கிளம்பிய நூருல் அமீன் காலையிலேயே மூன்று ஜிப்பாக்களைப் போட்டுப் பார்த்துக் கழற்றிவிட்டான். கடைசியில் முதலில் போட்டதையே மறுபடியும் எடுத்து மாட்டிக்கொண்டான். அடுப்படியிலிருந்து இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி அமீருன்னிசாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கல்யாணம் வேற யாருக்கோன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவன் இல்லை. இன்றைக்குக் கிடைக்கப் போகிற ஒரு பதிலில் அவன் பிழைப்பே அடங்கியிருந்தது.

நூருல் அமீனை வாரா வாரம் இந்தக் கதையில் பார்த்துவருகிறவர்களுக்கு அவன் கவலை தெரியும். இன்று புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை.

கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் ஹபிபுல்லாவின் நிலக்கடலை மண்டி பெயர்போனது. மல்லாட்டை மூட்டையும் புண்ணாக்கும் அங்கிருந்து படகேறி, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்குப் போகும். மீசை அரும்புகிற வயதில் அங்கே எடுபிடியாகச் சேர்ந்த நூருல் அமீன் படிப்படியாக மானேஜர் ஆனான். தாயில்லாமல் தன் வீட்டிலேயே வளர்ந்த அக்காள் மகள் அமீருன்னிசாவை ஹபிபுல்லா அவனுக்கே கட்டிவைத்தார். குடியிருக்க வீடும் கொடுத்தார். முதலாளியும் அவர்தான், மாமாவும் அவர்தான். அதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

போன வருஷம் அவர் மகன் அப்துல் வதூது பட்டப்படிப்பை முடித்துக்கொண்டு மதராஸிலிருந்து வந்து இறங்கினான். வந்த கொஞ்ச நாளில் நூருல் அமீனின் மேஜை முன்கட்டிலிருந்து கிடங்குக்குப் போய்விட்டது. எடை பார்க்க மச்சானை விட்டால் வேறு ஆள் கிடையாது என்று வதூது தேனொழுகச் சொன்னான். பெரியவர் கண்ணை மூடினால் அந்த மேஜை கிடங்கிலிருந்து நேராகத் தெருவுக்குத்தான் போகும் என்று நூருல் அமீனுக்குப் பட்டது. அப்படிப் பட்டதில் தப்பு ஒன்றும் இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து அவன் மண்டியில் சம்பளம் வாங்கிக்கொண்டே வெளியில் ஆள் சேர்க்க ஆரம்பித்தான். துறைமுக ஆபீஸ் கிளார்க் கலியமூர்த்தியோடு காப்பி குடித்துப் பழக்கம் பிடித்தான். பாங்க் ஏஜெண்டின் தாயார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இளநீரும் கையுமாகப் போய் நின்றான். லாரிக்காரர்களுக்கு இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுத்தான். பெருநாளைக்கு அவன் வீட்டுப் பிரியாணி போகாத ஆபீஸ் ஓ.டி.யில் இல்லை என்று ஆக்கிவிட்டான்.

இருக்கிற வேலையை விடாமல் அடுத்த வேலைக்கு வழி பண்ணுகிறவன் பாடு லேசானதல்ல. எல்லாரிடமும் பல்லைக் காட்ட வேண்டும், ஒருவரிடமும் விஷயத்தைக் காட்டக்கூடாது. நூருல் அமீன் அமீருன்னிசாவிடம்கூடச் சொல்லவில்லை. மாமாவுக்குத் தெரியாமல் ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ள அவளால் ஆகாது.

இந்தப் பாடெல்லாம் பட்டுப் பிடித்த பெரிய ஆள் சிதம்பரம் ஜக்கரியா மரைக்காயர். கடலூர் துறைமுகத்தில் அவர் ஒரு கிளியரிங் ஆபீஸ் திறக்கப் போகிறார். ஊரார் சரக்கையெல்லாம் வாங்கிக் கப்பலேற்றிக் கொடுக்கிற தொழில். ஓ.டி.யில் எல்லாரையும் தெரிந்த ஒரு மானேஜர் அவருக்கு வேண்டும். பேச்சு இரண்டு முறை நடந்து, முடிவைக் கல்யாணத்தில் வைத்துச் சொல்வதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. மரைக்காயர் அனுப்பிய லோடு ஒன்றை ஈரச்சரக்கு என்று ஹபிபுல்லா ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டார். அதிலிருந்து இரண்டு பேருக்கும் முகம் பார்த்துச் சலாம் சொல்கிற உறவுகூட இல்லை. கல்யாணக்காரர் இருவருக்கும் வேண்டியவர் என்பதால் இருவருக்கும் அழைப்பு போயிருந்தது.

ரயிலில் ஹபிபுல்லா நூருல் அமீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அமீருன்னிசா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு எதிர் ஜன்னல் ஓரத்தில் இருந்தாள். கப்பலுக்குச் சரக்கு ஏறுகிற நாள் என்பதால் வதூது மண்டியிலேயே தங்கிவிட்டான். ரூபாய் மதிப்பைக் குறைத்ததிலிருந்து வியாபாரமே புரியவில்லை, கப்பல் வரத்தும் குறைந்துபோச்சு என்று பெரியவர் புலம்பிக்கொண்டே வந்தார். புதுச்சத்திரம் தாண்டியதும் நூருல் அமீனின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார்.

வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி தடதடத்தபோதும் அவர் விழிக்கவில்லை. நூருல் அமீன் தோளை அசைக்காமல் வைத்துக்கொண்டிருந்தான். மனசுக்குள் சங்கடமாக இருந்தது. மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே மரைக்காயரிடம் சம்பளம் எவ்வளவு கேட்கலாம் என்று யோசிக்க வேண்டியிருந்தது அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் யோசிப்பதை நிறுத்த முடியவில்லை.

லால்கான் தெருவில் பந்தல். நிக்காஹ் நல்லபடியாக முடிந்து, துஆ ஓதி, ஆண்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

நம்ம பக்கத்து முஸ்லிம் கல்யாணங்களில் சாப்பிட்டவர்களுக்குச் சஹன் தெரியும். ஈயம் பூசிய பெரிய வட்டத் தட்டு அது. நெய்ச்சோறும் கறியும் அதில் மலை மாதிரி குவிந்திருக்கும். பாயில் நாலு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவார்கள். நாலு பேர் சேர்ந்தால்தான் கை வைப்பார்கள். யார் யாரோடு ஒரு சஹனில் உட்கார்ந்தார் என்பதை ஊரே பார்க்கும். பங்காளிச் சண்டை தீர்ந்ததா, சம்பந்தம் முடிந்ததா, வியாபாரத்தில் புதுக்கூட்டு சேர்ந்ததா என்பதெல்லாம் வாய்விட்டுச் சொல்லாமலே சஹனில் தெரிந்துபோகும்.

ஹபிபுல்லா உட்காருகிற சஹனில் அவர் வலப்பக்கம் எப்போதும் நூருல் அமீனுக்குத்தான். அதற்குக் காரணமும் இருந்தது. பெரியவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்றும் இல்லை. நூருல் அமீன் கறியை நார் நாராகப் பிய்த்து அவர் பக்கம் தள்ளிவிடுவான். அவரும் கேட்டதில்லை, இவனும் சொல்லிக்கொண்டதில்லை. பல வருஷமாக அப்படித்தான்.

அன்று நூருல் அமீன் கை கழுவும் இடத்தில் பாங்க் ஏஜெண்டோடு பேசிக்கொண்டு நின்றதில் கொஞ்சம் பிந்திவிட்டான். அவன் பந்தலுக்குள் நுழைந்தபோது எல்லா வரிசையும் நிறைந்திருந்தது. இடது பக்கம் ஹபிபுல்லாவின் சஹனில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தன் வலப்பக்கத்துப் பாயைக் கையால் தட்டிக் காட்டினார்.

அதே நேரத்தில் வலது வரிசையிலிருந்து பெரிய குரலில் கூப்பிட்டார் ஜக்கரியா மரைக்காயர். அவர் சஹனிலும் மூன்று பேர்தான் இருந்தார்கள்.

"தம்பி அமீனு, இங்க வாங்க. ஒங்களுக்காகத்தான் நாங்க கை வக்காம இருக்கோம்."

பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நூருல் அமீன் நடுவில் நின்றான். மாமாவின் பக்கம் போனால் மரைக்காயரை நாலு பேர் முன்னால் தட்டிவிட்டதாக ஆகும். வேலை போய்விடும். மரைக்காயர் பக்கம் போனால் மாமாவை அப்புறம் சமாதானம் செய்துகொள்ளலாம். வீட்டு மனுஷர்தானே, புரிந்துகொள்வார் என்று நினைத்தான். வீட்டு மனுஷர்களைப் பற்றி நாம் எல்லாருமே இப்படி நினைத்துத்தான் கெட்டுப்போகிறோம்.

அவன் மரைக்காயரின் சஹனில் போய் உட்கார்ந்தான்.

"ஓ.டி.யே இவரு கையிலதான் இருக்கு. இப்ப நம்ம ஆளு" என்று மரைக்காயர் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். அடுத்த வரிசைக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

எதிர்ப்பக்கம் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே நூருல் அமீன் பார்த்தான். ஹபிபுல்லா கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரோடு இருந்த இரண்டு பேரும் அவர் கை வைக்காததால் தாங்களும் வைக்காமல் இருந்தார்கள். சுற்றிலும் எல்லாரும் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பரிமாறுகிறவர் நிலைமையைப் பார்த்துவிட்டு வாசலில் நின்ற யாரோ ஒரு புவனகிரிக்காரரைக் கூட்டிவந்து அந்த இடத்தில் உட்காரவைத்தார். அதற்குப் பிறகுதான் பெரியவர் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சோற்றில் கை வைத்தார்.

வந்தவர் நல்ல பசியில் இருந்தார். கறியை ஒரு கை பார்த்தார். ஹபிபுல்லா வெறும் சோற்றைப் பிசைந்து நாலு வாய் சாப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். நூருல் அமீனுக்கு அதற்குமேல் ஒன்றும் இறங்கவில்லை. இறங்கியதாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருந்ததால் சாப்பிட்டான்.

கை கழுவி வெற்றிலை போட்டதும் மரைக்காயர் அவனைப் பந்தலுக்குப் பின்னால் தனியாகக் கூட்டிப்போனார். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, நீ கெட்டிக்காரன். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா இந்த எடம் ஒனக்குச் சரிப்படாது."

நூருல் அமீன் தப்பாகக் காதில் விழுந்ததோ என்று பார்த்தான். மரைக்காயர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு மேலே பேசினார்.

"வளத்த மனுஷன் பாயத் தட்டிக் காட்டுனாரு. அதப் பாத்துட்டுதான நீ எங்கிட்ட வந்தே? நாளைக்கு இன்னொருத்தன் கூப்டா எழுந்து போவ மாட்டியா?"

"நீங்கதான கூப்டீங்க?" என்று நூருல் அமீன் கேட்டான்.

"கூப்டேன். வருவியான்னு பாத்தேன்."

அவ்வளவுதான். தோளில் தட்டிவிட்டு மரைக்காயர் போய்விட்டார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஈரச்சரக்கு என்று லோடைத் திருப்பியவரின் ஆளை ஊர் பார்க்க இழுத்துத் தன் பக்கம் உட்காரவைத்தாகிவிட்டது. நூருல் அமீனுக்கு அது புரிந்தது. புரிந்து என்ன செய்ய, அவன் தானாகத்தான் நடந்துபோய் உட்கார்ந்தான்.

பெண்கள் பக்கத்துக்குச் செய்தி போக அதிக நேரம் ஆகவில்லை. பின்வாசலில் அமீருன்னிசா கூப்பிடுவதாக ஆள் வந்தது. துப்பட்டியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். அழுதிருந்தாள். அவன் என்னென்னவோ சொல்ல வாயெடுத்தான். வதூது, கிடங்கு, மேஜை என்று ஆரம்பித்து, உனக்காகவும்தான் இதெல்லாம் என்று முடிப்பதாக இருந்தான். அவள் ஒன்றையும் கேட்டுக்கொள்ளவில்லை.

"மாமாவுக்கு யாரு கறி பிச்சிக் குடுத்தா?" என்று கேட்டாள்.

பிறகு, தான் மாமாவோடு காரில் போய்விடுவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கார் பாங்க் ஏஜெண்டினுடையது. நூருல் அமீன் அருகில் போனபோது ஏஜெண்டு ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் இளநீர் கொடுத்து எழுப்பிய தாயாரைப் பற்றி விசாரிக்கலாம் என்று நினைத்தான். அதற்குள் கார் கிளம்பிவிட்டது.

திரும்பும் ரயிலில் கலியமூர்த்தி வந்து எதிரில் உட்கார்ந்தான். கல்யாணத்துக்கு வந்து, பக்கத்து வீட்டில் தனியாகச் சைவ இலை போட்டிருந்த இடத்தில் சாப்பிட்டவன் அவன். ஆனாலும் பந்தலில் நடந்தது முழுக்க அவனுக்குத் தெரிந்திருந்தது. நல்லவன், மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்று பேசத் தெரியாதவன். கிள்ளை தாண்டும்வரை ஊர்க்கதை பேசினான். அப்புறம் அவனால் முடியவில்லை.

"பாய், தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு எங்க ஆபீஸ் பக்கம் வராதீங்க" என்றான். "ஹபிபுல்லா மொதலாளி ஆளுன்னுதான் எங்க ஆபீசரு ஒங்கள உள்ள வுட்டாரு."

நூருல் அமீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வருஷம் பூராவும் காப்பி வாங்கிக் கொடுத்து, மனு எழுதிக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு நடந்து சேர்த்த ஆட்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தான். ஒருவரும் அவனுக்காகக் கதவைத் திறக்கவில்லை. ஹபிபுல்லாவின் மானேஜருக்குத் திறந்தார்கள். அந்தப் பெயரைத் தாண்டி அவனுக்கென்று ஒரு பெயரும் ஓ.டி.யில் கிடையாது. இது தெரிய இவ்வளவு பெரிய அவமானம் தேவைப்பட்டதே என்று அவனுக்கு அழுகை வந்தது. கலியமூர்த்தி முன்னால் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டான்.

ஸ்டேஷனில் இறங்கியவன் நேராக ஹபிபுல்லாவின் வீட்டுக்குப் போனான். காலில் விழுந்தாவது சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கை இன்னும் கொஞ்சம் இருந்தது. சாயங்கால அஸர் தொழுகை முடிந்து பெரியவர் முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வதூதும் மண்டியிலிருந்து வந்து ஒரு நாற்காலியில் சாய்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மாப்ளே, ஒக்காருங்க" என்றார் ஹபிபுல்லா.

இத்தனை வருஷத்தில் அவர் நூருல் அமீனை "வாங்க" என்று சொன்னதில்லை. மாப்பிள்ளை ஆன பிறகும் அவன் அவருக்கு "வாடா அமீனு"தான். திட்டும்போதும் அதுதான், பணப்பெட்டியை நம்பிக் கொடுக்கும்போதும் அதுதான். வெளியாட்களுக்கு வைக்கிற பீங்கான் கோப்பையில் டீ வந்தது. அமீருன்னிசா எங்கோ உள்ளே இருந்தாள், முகம் காட்டவில்லை.

அவன் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தான். பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் முகத்தில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

"ஒங்கமேல எனக்குக் கோவம் இல்ல. பொழைக்கணும்ல. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். பேச்சு இல்லன்னாலும் மரைக்காயரு வூட்டுக்கு நானே போயி ஒங்களுக்காகச் சொல்லியிருப்பேன்."

அவர் செய்யக்கூடியவர்தான். நூருல் அமீனுக்கு அது தெரியும். ஊரெல்லாம் சிபாரிசு தேடி அலைந்தவன் பக்கத்திலேயே இருந்த ஒரு மனுஷரை மட்டும் கேட்கவில்லை.

பிறகு ஹபிபுல்லா மெதுவாக மற்றதைச் சொன்னார். நாளையிலிருந்து மண்டிக்கு அவன் சிரமப்பட்டு வர வேண்டாம். வீடு அமீருன்னிசாவுக்குக் கொடுத்தது, அதில் மாற்றம் இல்லை, இருக்கலாம். அவள் இரண்டு நாள் இங்கே இருந்துவிட்டு வருவாள். சொல்லி முடித்துவிட்டு டீ ஆறுகிறது என்று ஞாபகப்படுத்தினார். விருந்தாளியைக் கவனிக்கிற மாதிரியே கவனித்தார்.

நூருல் அமீன் எழுந்து வெளியே வந்தான். தெருத் திருப்பம்வரைக்கும் எப்படி நடந்தான் என்று அவனுக்கே தெரியாது. பின்னாலிருந்து யாரோ வேகமாக வரும் சத்தம் கேட்டது. வதூது.

குத்திக்காட்டத்தான் வருகிறான் என்று நூருல் அமீன் நினைத்தான். அதற்கும் தயாராக நின்றான். வதூது இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நெருங்கி வந்தான்.

"மச்சான், மரைக்காயரு வேணான்னு சொன்னத மனசுல வச்சிக்காதீங்க. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

நூருல் அமீனுக்கு விளங்கவில்லை. வதூது விளக்கமாகவே சொன்னான். கிளியரிங் ஆபீஸில் பாதிப் பங்கு அவனுடையது. மாசக்கணக்கில் மரைக்காயரோடு பேசி முடித்த ஏற்பாடு. திறந்ததும் ஹபிபுல்லா மண்டிக்கு வருகிற சரக்கு பூராவும் அங்கே திரும்பிவிடும். பழைய மண்டியை வைத்துக்கொண்டு இனி ஒன்றும் ஆகாது, அது தானாக மூடிக்கொள்ளும். மச்சான் மாதிரி ஓ.டி.யைத் தெரிந்த ஆள்தான் வேண்டும். ஆனால் மண்டியில் இருக்கும்வரை மச்சான் வாப்பாவின் ஆள், எந்த நேரம் போய்ச் சொல்லிவிடுவாரோ என்ற பயம் இருந்தது. அதனால்தான் வாப்பாவே மச்சானை வெளியே அனுப்புகிற மாதிரி ஊர் பார்க்கக் கூப்பிடவைத்ததும், அதுவரைக்கும் வேண்டாம் என்று சொல்லவைத்ததும்.

"இப்பதான் வெளிய வந்துட்டீங்களே, இனிமே பயமில்ல" என்றான் வதூது. "ஜனங்க ரெண்டு மாசத்துல எல்லாத்தையும் மறந்துடுவாங்க. நாளைக்குக் காலையில நான் சிதம்பரத்துக்கு ரயில்ல மரைக்காயரப் பாக்கப் போறேன், கூட வாங்க. வாப்பாவுக்குத் தெரிய வேணாம்."

நூருல் அமீன் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான். வீட்டுக் கதவு இன்னும் திறந்துதான் இருந்தது. கூடத்தில் பெரியவர் உட்கார்ந்திருப்பது இங்கிருந்தே தெரிந்தது. பத்து எட்டு வைத்தால் போதும். உங்கள் மகனே உங்களைக் கவிழ்க்கப் பார்க்கிறான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையைச் சொல்ல உலகத்தில் அவனை விட்டால் ஆளில்லை. அமீருன்னிசாவின் முகத்தையும் அவனால் மறுபடியும் நிமிர்ந்து பார்க்க முடியும்.

சொல்லத்தான் வேண்டும் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அடுத்த மாசத்துச் செலவும் கூடவே மனசில் வந்து நின்றது.

வதூது பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு அழைக்கும் மஹ்ரிப் பாங்கு கேட்டது. கூடத்தில் இருந்த பெரியவர் எழுந்து உள்ளே போனார்.

"எந்த வண்டிக்கு?" என்று கேட்டான் நூருல் அமீன்.